தாழி கழுவுகிறவன்

அறுப்புக்கு ஒன்பது நாள் இருக்க
மல்காஸ் வீட்டு நிலவறையில்
கழுத்துவரை மண்ணில் புதைந்த தாழிக்குள் இறங்குகிறேன்.
தோளை ஒடுக்கி, மூச்சை விட்டு,
பிறந்து வந்த வழியே திரும்பிப் போகிறவன்போல்
உள்ளே.

இடுப்பில் கயிறு. மறுமுனை அவன் கையில்.
கந்தகப் புகை அடியில் தங்கியிருந்தால்
ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும்.
அதனால் எங்கள் ஊரில் பாடிக்கொண்டே தேய்ப்பார்கள்.
பாட்டு நின்றால் மேலே இருப்பவன் இழுப்பான்.
எனக்குப் பாட வராது.
விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிக்கொண்டு தேய்க்கிறேன்.

செர்ரி மரப்பட்டைத் தூரிகை, சாம்பல் தண்ணீர்.
போன வருஷத்து வண்டல்
முழங்கை வழியே ஊதாவாக வழிகிறது.

பதினோரு வருஷம் முன்பு
இதே தாழியின் மூடியைச் சுற்றிப் பூசிய களிமண்ணில்
சுண்டுவிரலால் ஒரு துளை வைத்தவன் நான்.
அந்த வருஷம் மல்காஸின் ரசத்தை
காக்கேத்தி முழுக்கப் பேசும் என்றார்கள்.
என் காதில்தான் சொன்னார்கள்.
வேறொன்றும் நடக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

வசந்தத்தில் திறந்தான். காடி.
மகள் கெத்தெவானின் கல்யாணத்துக்கு வைத்திருந்தது.
இடி அதிகம் விழுந்த வருஷம் என்று
தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டான்.
கல்யாணத்தில் யாரோ கடன் கொடுத்த ரசத்தை
மூன்று கிண்ணம் குடித்தேன்.
ருசியாக இருந்தது. அதுதான்
இன்றைக்கும் எனக்கு விளங்காதது.

ஒவ்வொரு தபசு காலத்திலும்
பெசாரியோன் சாமியாரிடம் 'பொறாமை' என்பேன்.
ஊர் பேர் இல்லாத பாவம்,
சந்தையில் எல்லோரும் வாங்குகிற அளவில்.
ஒருமுறை கேட்டார்:
"பொறாமைக்கு விரல் உண்டா, இயோதாம்?"
வியர்த்துப்போய்ப் பேச்சை மாற்றினேன்:
மனுஷன் மண்ணிலேயே கெட்டவனா,
ஊற்றி வைத்ததில் கெட்டவனா?
"குயவர் நல்ல மண்ணைத்தான் எடுத்தார்.
ஆனால் மண்ணுக்குக் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் உண்டு.
எதை ஊற்றினாலும் குடிக்கும்" என்றார்.
விரலைப் பற்றி மறுபடி அவர் கேட்கவேயில்லை.

எண்ணெய் தொடாத நாற்பது நாளில்
உடம்பு இளைத்தது; அது கொழுத்தது.
முழங்கால் தேய்ந்தது; அது
பக்கத்தில் மண்டியிட்டு என்னோடு ஆமென் சொன்னது.
சில இரவு விழித்துக்கொண்டு
நல்லவனாக இருக்க எவ்வளவு ஆசைப்படுகிறேன் என்று
நானே என்னை மெச்சிக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

தேன்மெழுகு பூசிய இந்தச் சுவரை மோந்து பார்க்கிறேன்.
காடி வாசம் இல்லை.
போய்ப் பத்து வருஷம் ஆகிறது.
மூக்குக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

பிரமாணத்தில் பாவமன்னிப்பு வருகிற இடத்தில்
நாக்கு நின்றது.
சுவரைப் பார்த்து மெல்லச் சொன்னேன்:
"துளை வைத்தது நான்."
தாழி அதை ஐந்தாறு குரலில் திருப்பிச் சொன்னது.
உடனே கயிறு வெட்டி இழுத்தது.
மேலே வட்ட வெளிச்சத்தில் அவன் தலை.
"உயிரோடு இருக்கிறாயா?"
"இன்னொரு வாளி ஊற்று" என்றேன்.

ஊற்றினான். ஏழு வாளி.
கடைசித் தண்ணீரை அகப்பையில் மொண்டு
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து,
வழக்கப்படி ஒரு வாய் குடித்தான்.
என் காலடியில் நின்ற தண்ணீர்.
"சுத்தம்" என்றான்.

ஏறும்போது தோள் மாட்டிக்கொண்டது.
வருஷா வருஷம் மாட்டும்; அக்குளில் கை கொடுப்பான்.
கொடுத்தான்.
பாதி உடம்பு மண்ணுக்குள், பாதி வெளியே,
அவன் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்று
சொன்னேன்:
துளை, மூடி, எந்த விரல், எந்த வெள்ளிக்கிழமை.

பிடி இறுகவில்லை. விடவும் இல்லை.
வெளியே யாரோ வால்நட் மரத்தைக் கழியால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.
அவன் உதட்டோரம்
நான் கழுவின தண்ணீர் ஒரு துளி
இன்னும் காயாமல் இருந்தது.